புரட்டாசித் தளிகை: கையேந்தி வாங்கும் அரிசி பிரசாதமாகும் வரை

புரட்டாசி பிறந்ததும் எங்கள் வீட்டில் பரணிலிருந்து முதலில் இறங்குவது ஒரு பித்தளைச் சொம்பு. என் மாமியாருடையது. அவர் கல்யாணமாகி ஆரணிக்கு வந்தபோதே அந்த வீட்டில் இருந்ததாம். கழுத்துக்குக் கீழே ஒரு நெளிவு உண்டு. எந்தப் பிள்ளை எந்த வருஷம் கீழே போட்டது என்று யாருக்கும் ஞாபகமில்லை. புளி போட்டுத் தேய்த்து, திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் குழைத்து நாமம் இட்டு, கழுத்தில் துளசி மாலை சுற்றிவிட்டால், பெருமாளுக்குச் சமைத்துப் படைக்கும் தளிகை வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சமையலெல்லாம் அப்புறம்தான்.

என்னோடு வேலை செய்யும் பெண்கள் இரண்டு மூன்று பேர் வருஷா வருஷம் கேட்கிறார்கள். "அக்கா, எங்க பாட்டி வீட்டுல தளிகை போடுவாங்க, நாங்க சாப்பிட மட்டும்தான் போவோம். இப்ப பாட்டி இல்ல, எங்களுக்கு முறை தெரியல." என்னென்ன சமைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்பார்கள். சமைப்பது இதில் சுலபமான பாதி. மற்ற பாதியை என் அத்தை, அதாவது என் மாமியார், எனக்குப் பதினேழு வருஷம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடியும். நான்கு சனிக்கிழமைகள் வரும், சில வருஷம் ஐந்து. எங்கள் வீட்டில் மூன்றாம் சனி. உங்கள் வீட்டு வழக்கம் தெரியாவிட்டால், எல்லோரும் வீட்டிலிருக்கிற ஒரு சனியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தீட்டு வந்தால் அடுத்த சனிக்குத் தள்ளலாம். மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். தளிகையன்று வெங்காயம், பூண்டும் கிடையாது. கடையில் வாங்கும் பொடிகளில் பூண்டு இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை ராகுகாலம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. எமகண்டம் மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று. ஆகவே பத்தரைக்கு மேல் ஒன்றரைக்குள் படைத்துவிட வேண்டும். இந்தக் கணக்கை வைத்துப் பின்னோக்கித் திட்டம் போட்டால் பதறாமல் செய்யலாம். புளிக்காய்ச்சலை வெள்ளிக்கிழமை இரவே காய்ச்சி வைத்துவிடுங்கள். கொண்டைக்கடலையை அன்றிரவே ஊறப் போடுங்கள். சனிக்கிழமை விடியற்காலையில் தலைக்குக் குளித்து, வாசலில் கோலம் போட்டு, காலை ஏழு மணிக்குள் சொம்போடு கிளம்பிவிட வேண்டும்.

எங்கே கிளம்புவது? அரிசி வாங்க. சில ஊர்களில் இதைக் கோபாலம் எடுப்பது என்பார்கள். குறைந்தது ஐந்து வீடு. செருப்பு போடாமல், வாசலுக்கு வெளியே நின்று "கோவிந்தா, கோவிந்தா!" என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் வந்து ஒரு பிடி அரிசி போடுவார்கள். சொம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ளுங்கள், ஒரு கையால் நீட்டக் கூடாது. போடுகிறவர்களுக்கு நெற்றியில் வைத்துக்கொள்ளத் துளசியோ குங்குமமோ கொடுங்கள். காசு போட்டால் அதைத் தனியே எடுத்து உண்டியலுக்கு வைத்துவிடுங்கள். எங்கள் ஆரணித் தெருவில் அன்று காலை எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள் வேட்டி கட்டின பொடியன்கள் நாமம் போட்டுக்கொண்டு சொம்போடு ஓடுவார்கள். அரிசி போட எல்லா வீட்டிலும் வாசல் திண்ணையிலேயே ஒரு முறம் தயாராக இருக்கும்.

குரோம்பேட்டையில் அடுக்குமாடிக்குக் குடிவந்த முதல் வருஷம், எனக்கு இது முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. காலையில் போய் மணியடித்து அரிசி கேட்பதா என்று கூச்சம். "நம்ம வீட்டிலேயே இருபத்தைந்து கிலோ மூட்டை இருக்கு அத்தை, அதுல ஒரு படி எடுத்துச் சொம்புல போட்டுக்கலாமே" என்றேன். அத்தை அப்போது சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சம்பளம் வாங்குற கைதானே அது? வருஷத்துக்கு ஒரு நாள் நீட்டிப் பாரும்மா" என்றார்.

போனேன். முதல் மூன்று வீட்டில் கதவே திறக்கவில்லை. நான்காவது வீட்டில் ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். சொம்பைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் திரும்பிப் படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். கையில் ஒரு டம்ளர் அரிசி. "என் சம்சாரம் இருந்தவரைக்கும் நாங்களும் எடுப்போம்" என்று சொல்லிச் சொம்பில் சாய்த்தார். கை நடுங்கியதில் கொஞ்சம் தரையில் சிந்தியது. இரண்டு பேருமாகக் குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினோம். அன்றைக்குப் புரிந்தது அத்தை என்னை ஏன் அனுப்பினார் என்று. நம் வீட்டு மூட்டையிலிருந்து படைத்தால் 'நான் பெருமாளுக்குச் சோறு போட்டேன்' என்று ஒரு எண்ணம் எங்காவது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். வாங்கின அரிசியைப் படைக்கும்போது அப்படிச் சொல்லிக்கொள்ள நமக்கு வழியே இல்லை. அரிசியும் நம்முடையதில்லை. அதை விளைவித்த மழையும் நம்முடையதில்லை. சுமந்து கொண்டுபோய் வைப்பது மட்டும்தான் நம் வேலை.

இனி அடுப்படி. முதல்நாள் இரவே அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களைத் தனியாகத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். மிக்ஸி ஜாரில் போன வாரத்துப் பூண்டு வாசனை நிற்கும். கல்லுப்பு ஒரு பிடி போட்டு ஓட்டிக் கழுவினால் போய்விடும்.

சொம்பில் வந்த அரிசியை என்ன செய்வது என்பதில் எல்லோரும் தடுமாறுவார்கள். ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் பொன்னிப் புழுங்கல், ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, எங்கள் மாடியில் ஒரு வீட்டில் பாசுமதி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதத்தில் வேகும். இதை வைத்துப் புளியோதரை செய்தால் பாதி குழையும், பாதி விறைக்கும். அதனால் வாங்கின அரிசி முழுக்கச் சர்க்கரைப் பொங்கலுக்கு. அது குழைந்துதான் ஆக வேண்டும். இரண்டு டம்ளர் கலவை அரிசியைக் கழுவி அரைமணி நேரம் ஊற வையுங்கள். அரை டம்ளர் பாசிப்பருப்பை நெய்யில் வாசனை வர வறுத்துச் சேர்த்து, பத்து டம்ளர் தண்ணீர் வைத்து, குக்கரில் வழக்கத்தைவிட மூன்று விசில் கூடுதலாக விடுங்கள். கரண்டியின் பின்புறத்தால் மசித்த பிறகு, நான்கு டம்ளர் பொடித்த வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கிளறுங்கள். ஒரு டம்ளர் நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முந்திரி, திராட்சை, ஏலக்காய், ஒரு சிட்டிகைப் பச்சைக் கற்பூரம். கிளறக் கிளற ஒரு கட்டத்தில் எது பொன்னி, எது ரேஷன், எது பாசுமதி என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். தளிகையில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான். யார் வீட்டு அரிசி என்ற கேள்வியே அந்த உருளியில் கரைந்துவிடுகிறது.

புளியோதரைக்கு வீட்டு அரிசி. அரைக்கிலோ அரிசிக்கு நூறு கிராம் பழைய புளி, நூற்றைம்பது மில்லி நல்லெண்ணெய். மிளகாய் வற்றல், தனியா, வெந்தயம், கறுப்பு எள் ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்துப் பொடியுங்கள். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை அடுப்பிலேயே இருக்கட்டும். சாதத்தை ஆற வைத்துக் கலந்தால் உடையாது. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம் நீங்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரிதான். கொண்டைக்கடலைச் சுண்டல், உளுந்து வடை, ஒரு செம்பு பானகம். ஐந்து சாதமும் முடியாவிட்டால் சர்க்கரைப் பொங்கலும் தயிர்சாதமும் போதும். கீதையில் கண்ணன் கேட்டது இலை, பூ, பழம், தண்ணீர், அவ்வளவுதான்.

மாவிளக்கில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். இரண்டு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். இருபது நிமிஷம் கழித்து ஒரு பிடி அள்ளி அழுத்திவிட்டுக் கையை விரியுங்கள். அரிசி கையில் ஒட்ட வேண்டும், ஆனால் ஈரம் கையில் தெரியக் கூடாது. அதுதான் பதம். உடனே அரைத்துச் சலித்து, ஒன்றேகால் டம்ளர் பொடித்த வெல்லம், ஏலக்காய் சேர்த்துப் பிசையுங்கள். வெல்லமே இளகி மாவைச் சேர்த்துப் பிடித்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தேவையில்லை. உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, நெய் ஊற்றித் தடித்த பஞ்சுத்திரி போடுங்கள். எரிந்து முடிந்ததும் 'அணைந்தது' என்று சொல்லாதீர்கள். 'மலையேறியது' என்று சொல்வோம். திருமலையிலிருந்து வந்தவர் திரும்பவும் மலைக்குப் போய்விட்டார் என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. தளிகைக்கு இதுதான் பெரிய கட்டுப்பாடு. உப்பு சரியா, காரம் சரியா என்று ஒரு துளி நாக்கில் வைத்தாலும் அது நாம் சாப்பிட்ட மிச்சம் ஆகிவிடும். கை தானாக வாய்க்குப் போகும், கவனமாக இருங்கள். அதனால் உப்பை அளந்து போடுவதுதான் வழி. அரைக்கிலோ அரிசிப் புளியோதரைக்குத் தூளுப்பு மூன்றரைத் தேக்கரண்டி, கால்கிலோ கடலைச் சுண்டலுக்கு ஒன்றரை என்று நான் சமையலறைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஒரு வருஷம் இந்த அளவும் தவறியது. புளியோதரையில் உப்பே போடவில்லை. படைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் இலையில் உட்கார்ந்து முதல் வாய் வைத்தபோதுதான் தெரிந்தது. வந்திருந்த உறவுக்காரர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை தன் இலையிலிருந்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேஸ்வரத்தில் உப்பிலியப்பன் கோயில் இருக்கிறதே, அந்தக் கதையைச் சொன்னார். மார்க்கண்டேய முனிவர் துளசிச் செடியடியில் கண்டெடுத்து வளர்த்த பெண்ணை, பெருமாள் கிழவர் வேஷத்தில் வந்து கேட்டாராம். "சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாதே" என்றாராம் முனிவர். "உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டாராம் பெருமாள். இன்றுவரை அந்தக் கோயில் நைவேத்தியத்தில் உப்பு கிடையாது. "அவர் முகம் சுளிக்கலையே, நீ ஏன் அழறே?" என்று கேட்டார் அத்தை. உப்புக் குறைந்தால் இலையில் தனியாக உப்பு வைத்துக்கொள்ளலாம். ருசி பார்த்துச் சமைத்துவிட்டால் அதைத் திருத்த வழியில்லை.

தயிர்சாதத்தை மற்ற சாதங்களோடு தட்டில் வைக்காமல் சின்ன மண்சட்டியில் வையுங்கள். இதற்கும் ஒரு கதை இருக்கிறது. திருமலை அடிவாரத்தில் பீமன் என்று ஒரு குயவர். பானை வனைகிற வேலை முடிந்ததும் கையில் மிச்சமிருக்கிற களிமண்ணைப் பூவாகச் செய்து, பெருமாளை நினைத்துப் போடுவார். கோயிலுக்குப் போகக்கூட நேரமில்லை. அதே நாளில் தொண்டைமான் மன்னன் தங்கப் பூவால் அர்ச்சனை செய்வான். மறுநாள் பார்த்தால் தங்கப் பூக்கள் கீழே கிடக்கும், திருவடியில் மண்பூக்கள் இருக்கும். திருமலையில் மண் ஓட்டில் வைத்துத் தயிர்சாதம் நிவேதனம் செய்கிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. நம் வீட்டு வெள்ளித்தட்டுக்கு நடுவில் அந்தச் சட்டியும் இருக்கட்டும்.

படைக்கும் முறை இப்படி. பெருமாள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, நுனி சாமிக்கு இடதுபுறம். நடுவில் சர்க்கரைப் பொங்கல், சுற்றிலும் மற்றவை. சில வீடுகளில் சாதங்களை வைத்தே பெருமாள் திருமுகம் வரைவார்கள். பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு துளசி இலை. மாவிளக்கை ஏற்றி, தீர்த்தத்தைக் கையில் எடுத்து இலையைச் சுற்றி வலமாக விட்டு, மணியடித்து, 'அமுது செய்ய வேண்டும்' என்று கேளுங்கள். மந்திரம் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் கோவிந்தா என்ற பெயரே போதும். அப்புறம் திரை இருந்தால் மூடுங்கள். இல்லையென்றால் எல்லோரும் திரும்பி நில்லுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போமா?

வைணவ வழக்கில் படைப்பதைக் 'கண்டருளப் பண்ணுதல்' என்பார்கள். அவர் கண்ணால் பார்ப்பதுதான் சாப்பிடுவது. அதனால்தான் வைத்தது வைத்தபடி இருக்கிறது. என் மகன் ஆறு வயதில் கேட்டான், "சாமி சாப்பிட்டா ஏம்மா குறையல?" என்று. நீ பரீட்சைக்குப் போகும்போது தாத்தா உன்னையே பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாரே, அதில் உனக்கு ஏதாவது குறைந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்ல, கூடிடுச்சு" என்றான். நைவேத்தியம் பிரசாதமாக மாறுவதை எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போனபோது பொங்கல், வெளியே வரும்போது பார்வை பட்ட பொங்கல். பிரசாதம் என்ற வடசொல்லுக்கே அருள், தெளிவு என்றுதான் பொருள். சோறு என்ற பொருள் அதற்கு அப்புறம் வந்து சேர்ந்தது.

ஐந்து நிமிஷம் கழித்துத் திரையை விலக்கி, கற்பூரம் காட்டி, விழுந்து சேவியுங்கள். துளசித் தீர்த்தம் கொடுத்த பிறகு, சாப்பிட உட்காருவதற்கு முன்னால், அரிசி போட்ட வீடுகளுக்குப் பொங்கல் போய்விட வேண்டும். இதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நாம் சாப்பிட்ட பிறகு கொடுத்தால் அது மீந்தது. தொன்னையில் வைத்துக் கொடுத்தால் நல்லது, பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். கதவைத் திறக்காத வீட்டுக்கும் கொடுங்கள். அந்த முதல் மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்கள் அடுத்த வருஷம் நான் குரல் கொடுக்கும் முன்பே அரிசியோடு நின்றார்கள்.

எங்கள் கட்டடத்துக் காவல்காரர் ஒடிசாக்காரர். முதல் தடவை அவருக்குத் தொன்னையை நீட்டியபோது செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார், நெற்றியில் தொட்டுக்கொண்டார், நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். "மகாபிரசாத்" என்றார். பூரியில் ஜகந்நாதருக்கு மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைத்துப் படைத்து, பிறகு விமலா தேவிக்கும் படைத்த பின்னால்தான் அது மகாபிரசாதம் ஆகுமாம். கோயிலுக்குள்ளேயே ஆனந்த பஜார் என்று ஓர் இடத்தில் யார், என்ன ஜாதி என்று பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். தன் கலப்புத் தமிழில் அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அடுத்த வருஷத்திலிருந்து அவரும் சொம்பில் ஒரு பிடி போடுகிறார். எங்கள் பொங்கலில் ஒடிசாக்காரர் அரிசியும் வேகிறது.

சாப்பிடும்போது இலையில் மீத்து வைக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடுங்கள். ருசி நன்றாயில்லை என்று பிரசாதத்தைச் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கீழே சிந்தினதைத் துடைப்பத்தால் கூட்டாமல் கையால் எடுங்கள். மீந்துபோனால் அன்றிரவே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குப்பைத்தொட்டிக்குப் போகவே கூடாது. முடியாமல் போனால் மரத்தடியில் மண்ணைக் கிளறிப் போட்டு மூடிவிடலாம். புளியோதரை இரண்டு நாள் தாங்கும். பொங்கல் அன்றைக்கே முடிய வேண்டும்.

மறுநாள் காலையில் சொம்பைக் கழுவித் துடைத்து, நாமத்தை அழிக்காமல் நிழலில் காய வைப்பேன். அத்தை போய் நான்கு வருஷமாகிறது. அவர் செய்த மாதிரியே, சொம்பை வெறுமையாக வைக்காமல் வாங்கின அரிசியில் ஒரு பிடியை முன்னமே எடுத்து வைத்திருந்து உள்ளே போட்டு, வண்டு வராமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாயும் போட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவேன். அடுத்த புரட்டாசியில் இறக்கும்போது அந்தப் பிடி அரிசியை மொட்டைமாடியில் காக்கைக்கும் அணிலுக்கும் தூவிவிட்டு, புளி போட்டுத் தேய்க்கத் தொடங்குவேன்.